573 டிகிரி

விருத்தாசலத்தில் வளர்கிற பிள்ளை, பள்ளிக்கூடம் போகிற வழியில் 1250 டிகிரிச் சூட்டில் எரிந்துகொண்டிருக்கும் சூளையைத் தாண்டிப் போகிறது. பையில் அறிவியல் புத்தகம் இருக்கிறது. அதில் வெப்பம் என்று ஒரு பாடம், மின்சாரம் என்று ஒரு பாடம், கூழ்மங்கள் என்று ஒரு பாடம். மூன்றும் அந்தச் சூளை ஷெட்டுக்குள் நாள் முழுக்க நடந்துகொண்டிருக்கின்றன. இதைப் பிள்ளையிடம் சொல்லத்தான் ஆளில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ செல்போன் பூட்டும் வேலைக்குப் பஸ் ஏறுகிற வரைக்கும், தொழில்நுட்பம் என்பது எங்கிருந்தோ அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும் சாமான் என்றே அது நினைத்திருக்கிறது.

நான் இந்த ஊர் செராமிக் ஷெட்டுகளில் மண் கலப்பதும் சூளை வைப்பதுமாக வாழ்ந்தவன். ஓய்வுக்குப் பிறகு, அக்கறையுள்ள சில ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும்போது சுற்றிக் காட்டுகிறேன். அப்படிக் காட்டிக் காட்டித்தான் ஒன்று எனக்குத் தெளிவானது. ஒரு பிள்ளை எதைத் தொழில்நுட்பம் என்று மதிக்கும், எதைக் கூலி வேலை என்று தள்ளும் என்பதைப் பள்ளிக்கூடம்தான் முடிவு செய்கிறது. வீடுகூட அவ்வளவு முடிவு செய்வதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, சேலத்துக்கும் கடலூருக்கும் ரயில் பிரியும் ஜங்ஷன். எலக்ட்ரீஷியன்களுக்கு அது வேறு ஊர். வீட்டு மெயின் போர்டில் கரண்ட் போனால் பிடுங்கிப் பார்ப்போமே, அந்த வெள்ளைப் பீஸ் கட்டை செய்கிற ஊர். பக்கத்தில் நெய்வேலி. பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களியும் கிடைக்கிறது. அந்தக் களியோடு குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் இரண்டையும் அரைத்துச் சேர்த்தால் எங்கள் தொழிலுக்கு வேண்டிய ‘பாடி’ தயார். செராமிக் தொழிற்பேட்டையில் சின்னச் சின்ன யூனிட்டுகள். என் காலத்தில் பல யூனிட்டுகளுக்குச் சொந்தச் சூளை கிடையாது. சுடாத பச்சைச் சரக்கைச் செய்து, பொதுச் சூளையில் வாடகைக்குச் சுட்டு வாங்குவார்கள். பீஸ் கட்டை, இன்சுலேட்டர், ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு. புது வீடுகளில் எம்.சி.பி. சுவிட்ச் வந்த பிறகு பீஸ் கட்டைக்குக் கிராக்கி குறைந்துபோனது. பல கைகள் பொம்மைக்கும் அகலுக்கும் மாறிவிட்டன.

பிள்ளைகள் உள்ளே வந்ததும் முதலில் ஸ்லிப் தொட்டியிடம் கூட்டிப்போவேன். பொம்மை வார்க்கிற மண் கரைசல் அது. ஒரு வாளியில் கெட்டியான சேற்றை எடுத்து, “இது கவுத்தா கொட்டுமா?” என்று கேட்பேன். கொட்டாது. அதில் சோடியம் சிலிகேட்டைச் சில சொட்டுகள் விட்டுக் கலக்கச் சொல்வேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கவில்லை. ஆனால் சேறு இளகி, தோசை மாவுப் பதத்துக்கு வந்து ஓட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். “உள்ள என்ன ஐயா போட்டீங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். மண் துகள்களின் மேல் மின்னூட்டம் இருக்கிறது. சாதாரணச் சேற்றில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூடு கட்டி, இடையில் தண்ணீரைச் சிறை வைத்திருக்கும். சிலிகேட் உள்ளே போனதும் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. கூடு கலைந்து, சிறைப்பட்ட தண்ணீர் விடுபடுகிறது. அளவு மீறி ஊற்றினால் மறுபடியும் கெட்டிப்படும். சொல்லிவிட்டு, “இதை நீங்க படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டால் யாரும் கை தூக்குவதில்லை. “கூழ்மம்னா என்ன?” என்று கேட்டால் அத்தனை கையும் மேலே போகும். வரையறை, உதாரணம் எல்லாம் வரும்: பால், மூடுபனி. எதிரே ஒரு தொட்டி நிறைய நிற்பதும் அதுவேதான் என்பது மட்டும் வராது.

பிள்ளைகளின் அறிவில் எந்தக் குறையும் இல்லை. கற்றது எங்கே செல்லுபடியாகும் என்பதற்குப் பள்ளிக்கூடம் ஒரு எல்லை போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்த எல்லை பள்ளியின் காம்பவுண்டுச் சுவரோடு நின்றுவிடுகிறது.

கணக்கிலும் இதையே பார்க்கிறேன். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். ஒரு பாடி மொத்தமாக 12 சதவீதம் சுருங்குகிறது என்று வைத்துக்கொண்டு, சுட்ட பிறகு கட்டை 88 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமென்றால் பச்சையில் எவ்வளவு நீளத்துக்குச் செய்ய வேண்டும் என்று கேட்பேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் 88-இல் 12 சதவீதத்தைக் கண்டுபிடித்துக் கூட்டி, 98.56 என்பார்கள். அந்த அளவில் அச்சு செய்தால், சுட்டு வரும் கட்டை 86.7 மில்லிமீட்டர்தான் இருக்கும். பித்தளைக் கான்டாக்ட் ஓட்டையில் உட்காராது. முழு லோடும் வீண். சரியான விடை 100. சுருங்குவது பச்சை அளவிலிருந்துதானே தவிர, சுட்ட அளவிலிருந்து அல்ல. சதவீதம் எதன்மேல் என்ற கேள்விதான் இங்கே முழுக் கணக்கும். இலாப நட்டக் கணக்கில் வாங்கிய விலைமேல், விற்ற விலைமேல் என்று அதைப் படித்தவர்கள்தான் அவர்கள். ஆனாலும் கையில் ஒரு பச்சைக் கட்டையையும் சுட்ட கட்டையையும் கொடுத்து அளக்கச் சொன்ன பிறகுதான் அது உள்ளே இறங்குகிறது. இறங்கிவிட்டால் அப்புறம் போகாது. ஒருமுறை ஒரு பெண் பிள்ளை கட்டையின் தடித்த பக்கத்தையும் மெல்லிய பக்கத்தையும் தனித்தனியே அளந்து, “ரெண்டும் ஒரே மாதிரி சுருங்கல ஐயா” என்றது. மோல்டுக்காரர்கள் வருடக்கணக்கில் வேலை செய்து பிடிக்கிற விஷயம் அது.

அடுத்தது, சரக்குக்குப் பளபளப்புப் பூச்சுக் கொடுக்கும் கிளேஸ் பகுதி. அங்கே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காய்ந்த சரக்கைக் கிளேஸில் முக்கி எடுப்பது ஒரு மூச்சு நேர வேலை. தடித்தால் சூளையில் வழிந்து அடியில் ஒட்டும். மெலிந்தால் பளபளப்பு வராமல் சொரசொரக்கும். ஒரு வகுப்பு வந்தபோது, அதில் ஒரு பெண்ணின் அம்மாவே அன்று கிளேஸ் முக்கிக்கொண்டிருந்தார். கூட வந்த பிள்ளைகள் அடையாளம் கண்டு கிசுகிசுக்க, அந்தப் பெண் பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டது. நான் அந்த அம்மாவிடம், “எவ்வளவு நேரம் முக்கணும்னு எப்படித் தெரியும்னு இவங்களுக்குச் சொல்லும்மா” என்றேன். அவர் கையை நிறுத்தாமலேயே சொன்னார்: “நல்லா காஞ்ச கட்டை வெடுக்குனு தண்ணிய இழுத்துக்கும், அதை உடனே எடுத்துடணும். மழை நாள்ல சரக்குல ஈரம் நிக்கும், அப்ப கொஞ்சம் கூட விடணும். கையில புடிக்கும்போதே குளிர்ச்சி தெரியும்.” நுண்துளைகள் வழியே திரவம் ஏறுவது, ஈரப்பதம், ஆவியாவதால் வரும் குளிர்ச்சி என்று மூன்று பாடம் அதில் இருக்கிறது. கூட வந்த அறிவியல் ஆசிரியை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பிள்ளைகளிடம் அந்த அம்மாவைக் காட்டி, “இவங்க சொன்னதுக்குப் புத்தகத்துல என்ன பேரு?” என்று கேட்டார். பதிலை முதலில் சொன்னது பின்வரிசையில் நின்ற அந்தப் பெண்தான்.

அந்த ஆசிரியை செய்ததைத்தான் நான் பள்ளிக்கூடத்திடம் எதிர்பார்க்கிறேன். அவர் அந்த அம்மாவைப் புகழவில்லை, பரிதாபப்படவுமில்லை. அவருடைய வேலையை அறிவாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் கேள்வி கேட்டார்.

என் அப்பா குயவர். விருத்தாசலத்துக்கு வெளியே ஒரு கிராமம். ஏரி மண்ணோடு ஆற்று மணலைக் கலந்து மிதித்துப் பானை வனைவார், சந்தையில் விற்பார். மணல் ஏன் என்று கேட்டால், “சேராத மண்ணு வெடிக்கும்” என்பார். சூளை எரிந்து முடிந்ததும் எங்களை அந்தப் பக்கமே விடமாட்டார். சாம்பலும் சேறுமாகப் பூசி மூடியிருக்கும் சூளையை மறுநாள் சூடு நன்றாகத் தணிந்த பிறகுதான் பிரிப்பார். காற்று புகுந்தால் பானை கீறிவிடும் என்பது அவருக்கு அவர் அப்பா சொன்னது. சக்கரத்தில் கை வைக்க என்னை அவர் அனுமதித்ததே இல்லை. “இது உனக்கு வேணாம், நீ படி” என்பார். பள்ளிக்கூடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பையன்கள் இருந்தார்கள். அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது.

படித்தேன். படிப்பு என்னை மண்ணிடமே கொண்டுவந்து விட்டது. தொழில் வணிகத் துறை விருத்தாசலத்தில் நடத்தும் பீங்கான் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்தில் டிப்ளமோ சேர்ந்தேன். அங்கே ஒரு வகுப்பில் குவார்ட்ஸ் பற்றிப் பாடம். மணலாக இருப்பதும் குவார்ட்ஸ்தான். சூடு 573 டிகிரியைத் தாண்டும்போது அதன் படிக அமைப்பு சட்டென்று மாறி, பருமன் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும்; ஆறும்போது அதே 573-இல் சட்டென்று குறையும். ஏறும்போது பெரும்பாலும் தப்பிவிடலாம். ஆறும்போது உடல் இறுகிப்போயிருக்கும். அந்த நேரத்தில் குளிர்ந்த காற்று ஒரு பக்கம் பட்டால், அந்தப் பக்கம் முந்திச் சுருங்கும், மறுபக்கம் நிற்கும், கீறல் விழும். ஆசிரியர் கரும்பலகையில் வளைகோட்டை வரைந்து 573 என்று எழுதினார். எனக்கு அப்பாவின் மூடிய சூளை புரிந்தது. அவர் செய்தது சரி என்பது முன்பே தெரியும். எப்போது அவ்வளவு நேரம் காத்திருக்கத் தேவையில்லை என்பதும், எந்த இடத்தில் கட்டாயம் காத்திருக்க வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பழக்கத்தால் வந்த அறிவு அப்படியே காப்பாற்றிக் கொடுக்கும். காரணம் தெரிந்த அறிவு மாற்றிப் பார்க்கவும் இடம் கொடுக்கும். அந்த ஒரு எண்ணுக்காக நான் என் ஆசிரியர்களுக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. டிப்ளமோ முடித்து ஷெட்டில் சூப்பர்வைசராக நின்றபோது, என் அப்பாவைத் திண்ணையில் உட்காரச் சொல்லாதவர்கள் என்னை “சார்” என்றார்கள். மண் அதே மண். நெருப்பும் அதே நெருப்பு. நடுவில் ஒரு பள்ளிக்கூடம் புகுந்து, அந்த வேலையைத் தொழில்நுட்பம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை நான் என் உடம்பிலேயே பார்த்தவன்.

இதனால்தான் 1953-ஐப் பற்றிப் பேசும்போது எனக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில், மீதி நேரம் பெற்றோரின் தொழிலில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் காமராஜர் வந்ததும் கைவிடப்பட்டது. கைவிட்டதுதான் சரி. அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் குயவர் மகன் குயவர், நாவிதர் மகன் நாவிதர் என்பதற்குப் பள்ளிக்கூடமே முத்திரை குத்தியிருக்கும். நானே அப்பாவின் சக்கரத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகு, கைவேலை என்றாலே சாதி வேலை என்ற அச்சம் வகுப்பறையில் தங்கிவிட்டது. குயவர் மகன் மட்டும் மண்ணைத் தொட வேண்டும் என்பதற்கு எதிரான வழி, எல்லார் பிள்ளைகளும் மண்ணைத் தொட்டு, ஏன் வெடிக்கிறது என்று கேட்பது. அந்த வழியில் நாம் போகவில்லை. யாரும் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டோம். காந்தி 1937-இல் வார்தாவில் பேசிய ஆதாரக் கல்வி தக்கிளி சுற்றுவதோடு தேய்ந்தது. 1978-இல் மேல்நிலை வகுப்புகள் வந்தபோது கூடவே வந்த தொழிற்கல்விப் பிரிவு, மார்க் குறைந்த பிள்ளைகளை உட்கார வைக்கிற பிரிவாக ஊரார் கண்ணில் ஆகிப்போனது.

2011-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். மேசை இல்லாத வீட்டுக்குள் கணினி நுழைந்தது. எங்கள் தெருவிலேயே அதைக்கொண்டு படித்து மேலே போன பிள்ளைகள் உண்டு. என் வருத்தமெல்லாம் அதோடு சேர்ந்து வந்த எண்ணத்தைப் பற்றியது. முழுதாய் முடிந்த ஒரு பொருளாக, ஸ்கிரீனோடு, வேறு யாரோ செய்து அனுப்பியதாக இருப்பதுதான் தொழில்நுட்பம், நாம் கற்க வேண்டியது அதை இயக்க மட்டுமே என்று பிள்ளைகள் மனதில் பதிந்தது. செய்தது யார், எப்படிச் செய்தார்கள், எத்தனை முறை கெட்டது என்ற கேள்விக்கு அந்தப் பெட்டியில் இடமே இல்லை.

என் கையிலுள்ள செல்போனைக் காட்டி, “இதுக்குள்ள செராமிக் இருக்குதா?” என்று பிள்ளைகளிடம் கேட்பது எனக்கு வழக்கம். சிரிப்பார்கள். ஒரு போனுக்குள் கெப்பாசிட்டர்கள் நூற்றுக்கணக்கில், புதிய மாடல்களில் ஆயிரத்துக்கு மேலும் உண்டு. பெரும்பாலானவை செராமிக். பேரியம் டைட்டனேட் என்ற பொருளை மாவாக அரைத்து, ஸ்லிப்பாக்கி, காகிதத்தைவிட மெல்லிய ஏடுகளாகப் பரப்பி, நடுவே உலோகப் பூச்சு வைத்து அடுக்கி, வெட்டி, சூளையில் சுடுகிறார்கள். அரைப்பது, கரைப்பது, பரப்புவது, காயவைப்பது, சுடுவது. எங்கள் ஷெட்டில் நடக்கிற வரிசைதான். அங்கேயும் சுருக்கத்தைக் கணக்கிட வேண்டும். அங்கேயும் வேகமாக ஆற்றினால் கீறும். துல்லியம் பல மடங்கு அதிகம், பணம் பல மடங்கு அதிகம், அடிப்படை ஒன்று. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பாகம் அலுமினா செராமிக். இதைச் சொன்ன பிறகு ஸ்லிப் தொட்டியிடம் திரும்பிப் போய் மறுபடியும் பார்த்த பிள்ளைகள் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்கும் எனக்கும் நீண்ட பேச்சு நடப்பது சூளை வாசலில்தான்.

சூளையில் வெப்பம் காட்ட டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது. பிளாட்டினம், ரோடியம் கலந்த கம்பியாலான தெர்மோகப்பிள் உள்ளே போயிருக்கும். வெளியே சிவப்பு எழுத்தில் எண் ஓடும். அதோடு, உள்ளே சரக்கோடு சரக்காகக் கோன்களும் வைப்போம். விரல் அளவு கூம்பு, கிளேஸ் போன்ற கலவையில் செய்தது. இன்ன அளவு வெந்ததும் இளகித் தலை சாயும். ஜெர்மனியில் ஹெர்மன் செகர் 1886-இல் வரிசைப்படுத்திக் கொடுத்தது. அவருடைய 8-ஆம் நம்பர் 1250 டிகிரி அளவில் சாயும். ஸ்பை ஹோல் வழியாக நீலக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பத்தாம் வகுப்புப் பையன் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “1250 வந்துடுச்சே ஐயா, ஏன் இன்னும் நிறுத்தல?”

“கீழ்வரிசைக் கோன் இன்னும் சாயல தம்பி.”

“அப்ப கோன்தான் தப்பா இருக்கும்.”

இந்தப் பதிலை நான் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். ஸ்கிரீனில் எண் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது. அவனைச் சூளையைச் சுற்றிக் கூட்டிப்போய், தெர்மோகப்பிள் எங்கே நுழைகிறது என்று காட்டினேன். மேலே, வளைவுக்குப் பக்கத்தில். கோன் இருப்பது கீழே, சரக்கு அடுக்கிய ட்ராலியின் தளத்தருகே. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப மீட்டர் பொய் சொல்லுதா?” என்றான்.

“பொய் சொல்லல. தான் இருக்கிற இடத்தைப் பத்தி மட்டும் சொல்லுது.”

அதன் பிறகு அவன் கேள்விகள் மாறிவிட்டன. மேலே சூடு, கீழே குறைவு என்றால் ஏன்? அடுக்கு நெருக்கமாக இருப்பதாலா? நெருப்பின் வழி எது? எல்லா இடத்திலும் மீட்டர் வைத்தால் என்ன செலவு? 1250-லேயே இன்னும் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் கோன் சாயுமா? கடைசிக் கேள்விதான் பெரியது. சாயும். ஏனென்றால் கோன் சூட்டை மட்டும் பார்ப்பதில்லை. சூடும் நேரமும் சேர்ந்து மண்ணில் செய்த வேலையைப் பார்க்கிறது. மண்ணுக்கு என்ன ஆனது என்று மண்ணையே கேட்கிற முறை இது.

இதற்கு முந்தைய கதையையும் அவனுக்குச் சொன்னேன். இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற குயவர். அப்பா இறந்ததும் ஒன்பது வயதில் பள்ளியை விட்டுச் சக்கரத்தில் உட்கார்ந்தவர். பாதரசம் 357 டிகிரியில் கொதித்துவிடும். சூளைக்கு அந்தத் தெர்மாமீட்டர் உதவாது. வெட்ஜ்வுட், சின்னக் களிமண் துண்டுகளைச் சூளையில் போட்டு, எவ்வளவு சுருங்கின என்று ஒரு பித்தளைப் பள்ளத்தில் அளந்து, அதை வெப்ப அளவாக 1782-இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் வைத்தார். மறுவருடம் அவர்கள் அவரை உறுப்பினராக்கிக்கொண்டார்கள். அவர் கொடுத்த டிகிரிகள் உண்மையைவிட வெகு அதிகம் என்று பின்னால் தெரியவந்தது. ஆனாலும் ஒரு சூளையையும் இன்னொரு சூளையையும் ஒப்பிட அது அவருக்கு உதவியது. பிழையான அளவுகோலும் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்து பயன்படுத்தினால் வேலை நடக்கும். இந்தப் பக்குவத்தை மதிப்பெண் கற்றுத்தராது. பள்ளியில் எண் என்றால் சரி அல்லது தப்பு. ஷெட்டில் எண் என்றால், எங்கே எடுத்தது, எதை வைத்து எடுத்தது என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் சொல்கிற பதில்களோடு வாழப்போகிறவர்கள். அந்தக் கேள்வி இல்லாமல் அவர்களை அனுப்புவது எனக்குப் பெரிய கவலை.

வரலாற்றுப் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழடி, ஆதிச்சநல்லூர் பாடங்களில் கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் என்று வருகிறது. பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு எப்படி வந்தது என்று கேட்டால், பெயிண்ட் என்று பதில் வருகிறது. ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம் வேறு: பானையைக் கவிழ்த்துச் சுட்டார்கள், உள்ளே காற்று போகாமல் கரியும் புகையும் நின்று கறுத்தது, வெளியே காற்றுப் பட்டு மண்ணிலிருந்த இரும்பு சிவந்தது. வேதியியலில் ஆக்ஸிஜனேற்றம், ஒடுக்கம் என்று படிப்பது இதைத்தான். அந்த அறிவை நாம் பெருமைக்குரிய பழம்பொருளாக வரலாற்றில் வைத்தோம். அதன் காரணத்தை வேதியியலில் பெயர் மாற்றி வைத்தோம். அதை இன்றும் செய்கிறவரைத் தெருவில் வைத்தோம். மூன்றும் சந்திக்க ஒரு பீரியட் கிடையாது. எங்கள் தொழில் எப்போதும் பள்ளிக்கு அந்நியமாக இருந்ததும் இல்லை. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் மண்பாண்டம் பாடமாகவே இருந்தது; அதன் வழிவந்த கவின்கலைக் கல்லூரியில் இன்றும் செராமிக் படிக்கலாம்.

2022 கடைசியில் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு வானவில் மன்றம் வந்தது. பயிற்சி பெற்ற இளைஞர்கள் செய்முறைப் பெட்டியோடு அரசுப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். நல்ல தொடக்கம். அந்தப் பெட்டியில் இருப்பதோடு அந்தந்த ஊரில் இருப்பதையும் சேர்த்தால் இன்னும் நன்றாகும். பண்ருட்டியில் முந்திரி உடைக்கிறார்கள், கடலூரில் மீனவர் வலையும் எஞ்சினும் வைத்திருக்கிறார்கள், நெய்வேலியில் மின்சாரம். ஒவ்வொன்றும் ஒரு பாடம் நடத்தப் போதும்.

இப்போது பிள்ளைகளைக் கூட்டி வருகிற ஆசிரியர்களிடம் ஒரு வேலை கொடுத்துவிடுகிறேன். சும்மா பார்த்துவிட்டுப் போவதால் பயனில்லை. சிப்ஸும் ஜூஸும்தான் நினைவில் நிற்கும். வருவதற்கு ஒரு வாரம் முன்பே மண்ணை அனுப்புவேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பட்டை செய்து, ஸ்கேலில் சரியாக 100 மில்லிமீட்டருக்குக் கோடு கிழித்து, பின்பக்கம் தன் எண்ணைக் கீறி, நிழலில் காயவைத்து அளந்து எழுதிவர வேண்டும். நாங்கள் சுட்டுக் கொடுப்போம். மறுபடி அளப்பார்கள். எல்லாருக்கும் ஒரே மண், ஆனால் விடை ஒன்றாக வராது. ஒருத்தருக்கு 11, இன்னொருத்தருக்கு 13. முதல் முறை ஒரு வகுப்பில், தங்கள் விடை மற்றவர்களோடு பொருந்தாததால் சில பிள்ளைகள் எண்ணைத் திருத்திவிட்டார்கள். அந்த வகுப்பின் ஆசிரியை அதைக் கண்டுபிடித்தும், திருத்தியவர்களைத் திட்டவில்லை. பட்டைகளை மேசையில் வரிசையாக வைத்து, யார் அதிகம் தண்ணீர் விட்டுப் பிசைந்தார்கள், யார் வெயிலில் காயவைத்தார்கள், யாருடைய பட்டை தடிமன் என்று கேட்டுக்கொண்டே போனார். திருத்திய பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து பழைய எண்ணைச் சொன்னார்கள். அந்தப் பட்டியல் இப்போது அந்த வகுப்பறைச் சுவரில் இருக்கிறது.

அடுத்த முறைக்கு அந்த வகுப்புப் பிள்ளைகளே ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். நான் கொடுக்கும் வெள்ளைக் களியோடு, கம்மாபுரம் பக்கத்து ஏரி மண்ணிலும் பட்டை செய்து கொண்டுவருவார்களாம். இரண்டையும் ஒரே சூளையில் வைக்க வேண்டுமாம். ஏரி மண்ணில் இரும்பு அதிகம். 1250 வரை தாங்காது. உப்பி, உருகி, தளத்தில் ஒட்டிக்கொள்ளும். இதை நான் அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பட்டைகளுக்கு அடியில் வைக்க, உடைந்தாலும் நட்டமில்லாத, சரக்கை வைத்துச் சுடும் பழைய சாகர் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து, உள்ளே அலுமினாத் தூள் பரப்பி வைத்திருக்கிறேன்.